கடவுளைக் கூவியழைத்தல்

நள்ளிரவு கடந்த பின்னர் வைத்தியசாலையின் நோயாளர் விடுதியொன்றில் ஒருவர் வேதனை தாளாது ‘முருகா, முருகா’ என்று குரலெழுப்புகிறார். உறக்கம் குலைந்த அயற்கட்டிலார், ‘கடவுள் என்ன செவிடரா?’ என்று முணுமுணுக்கிறார். எங்கும் நிகழக்கூடிய இச்சிறு நிகழ்ச்சியினுள் மெய்யியலாளரை நெடுங்காலம் வருத்திய வினாவொன்று அடங்கியுள்ளது. யாவும் அறிந்த இறைவனுக்கு உள்ளத்தின் நோவு குரல் எழுமுன்பே தெரிந்திருத்தல் வேண்டும். அங்ஙனமாயின் வாய்விட்டுக் கூவுவது எதற்காக? கூவாதவனைக் கைவிட்டுக் கூவியவனுக்கு மட்டும் இரங்குபவர் கடவுளாவாரா?

அயற்கட்டிலாரின் பக்கம் நிற்போர் சிலரல்லர். கார்மேல் மலையில் பாகாலின் பூசகர்கள் காலை முதல் நண்பகல் வரை ஓலமிட்டபோது, உங்கள் தெய்வம் ஒருவேளை உறங்கக்கூடும், இன்னும் உரக்கக் கூவுங்கள் என எலியா எள்ளி நகையாடியதாக விவிலியம் கூறும். செபத்தை வாசிகம், உபாம்சு, மானசம் என மூவகைப்படுத்தும் மரபு, பிறர் செவிக்குக் கேட்கும் வாசிகத்தைக் கடைப்படியிலும் உள்ளத்துள் நிகழும் மானசத்தைத் தலைப்படியிலும் வைத்தது. கதவடைத்து அறைக்குள் மறைவாக மன்றாடுமாறு இயேசு கற்பித்தார். தொழுகையில் மிக உரத்தும் மிகத் தாழ்த்தியும் ஓதாது இடைவழியைக் கொள்ளுமாறு திருக்குர்ஆன் பணிக்கிறது. எனினும் இவை யாவும் ஒரே நோக்கின அல்ல. கதவடைக்கச் சொன்ன அறிவுரை, மனிதர் காண வேண்டுமென்று மன்றாடுவோரை நோக்கியது. செபத்தின் படிநிலை, அமைதியாக அமர்ந்து உளமொருமிப்பவனை நோக்கியது. துன்பத்தால் வாய் தானே திறந்துகொண்டவனை இவற்றால் அளப்பது பொருந்துமா என்பது ஐயமே.

இவ்வெதிர்ப்பை மிகக் கூர்மையாக முன்வைத்தவர் இம்மானுவேல் கான்ற். 1793இல் வெளிவந்த தமது சமயமெய்யியல் நூலில், எதனையும் அறிவிக்கத் தேவையற்ற ஒருவருக்கு நமது விருப்பங்களை எடுத்துரைப்பதைக் கடவுட்டொண்டு எனக் கருதுவது மூடமயக்கம் என்றார் அவர். தனித்திருந்து உரக்கப் பேசும் ஒருவனை மற்றொருவர் எதிர்பாராது கண்டுவிட்டால், அவனுக்குச் சிறிது சித்தக்கலக்கம் உண்டென ஐயுறுவது இயல்பு, அவனும் நாணமடைவான். எதிரே எவரும் இல்லாதபோது, ஒருவர் கண்முன் நிற்பதுபோல நடந்துகொண்டமையே அந்நாணத்துக்குக் காரணம் என்பது கான்றின் கருத்து. இதனை நாத்திகத்தின் ஏளனமாகக் கொண்டு எளிதில் ஒதுக்கிவிட இயலாது. கடவுளை மதித்த ஒருவரே எழுப்பிய ஐயம் இது.

கான்றுக்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்னரே தோமஸ் அக்குவைனஸ் விடையொன்று கூற முயன்றார். குரல் உள்ளத்துப் பக்தியைத் தூண்டுகிறது. உடலும் இறைவனுக்குரிய கடனைச் செலுத்துகிறது. உள்ளத்தில் நிரம்பியது உடல்வழியே பொங்கி வழிகிறது என மூன்று காரணங்களை அவர் காட்டினார். முதலிரண்டும் நிதானமான வழிபாட்டுக்குப் பொருந்துவன. மூன்றாவது மட்டுமே நோயாளர் விடுதிக்கு அருகில் வருகிறது. ஆயினும் அதுவும் போதாது. பொங்கி வழிவது முனகலாயிருக்கலாம், அலறலாயிருக்கலாம். அது ஏன் ஒரு பெயராக வெளிப்பட வேண்டும்?

ஈண்டுத் தமிழிலக்கணம் உதவுகிறது. அறிவித்தல் வேறு, அழைத்தல் வேறு. தொல்காப்பியர் விளியை எட்டாம் வேற்றுமையாகக் கொண்டு, அதற்கென விளிமரபு என்னும் தனி இயலையே வகுத்தார். விளியில் எச்செய்தியும் இல்லை. ‘முருகா’ என்பவன் முருகனுக்கு எதனையும் தெரிவிக்கவில்லை. ஆதலின் யாவும் அறிந்தவருக்கு அறிவிப்பானேன் என்ற வினா அவனைத் தீண்டுவதில்லை. தாய் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ‘அம்மா’ என்று கத்தும் குழந்தையும் செய்தி சொல்வதில்லை.

அவ்வியலில் இன்னொரு நுட்பமும் உண்டு. அன் என முடியும் பெயர் விளியேற்குங்கால் ஆகார ஈறு பெறும்; அருகில் இருப்பவரை அழைக்கையில் அகரமாகவே நிற்கும். அவ்விதிப்படி அண்மையில் உள்ளவனுக்கு ‘முருக’, மற்றையோனுக்கு ‘முருகா’. வழக்கில் இவ்வேறுபாடு மங்கிவிட்டமையால் இதன்மேல் அதிக பாரத்தை ஏற்றலாகாதுதான். ஆயினும் நெஞ்சுள் உறைபவன் என்று நாள்தோறும் போற்றப்படும் தெய்வம், துன்பநாளில் தொலைவில் இருப்பவனாகவே அழைக்கப்படுகிறான். கான்றின் ஐயத்துக்கான விடை இங்கேயே கிடைக்கிறது. கூவுபவன் ஒருவர் கண்முன் நிற்பதாக மயங்கியவன் அல்லன். கண்முன் எவரும் இல்லை என்பதே அவனது முறையீடு. எதிரே நிற்பவரிடம் எவரும் ஓலமிடுவதில்லை.

இதனைத் தமிழ்ச் சைவமரபு நன்குணர்ந்திருந்தது எனலாம். சூலைநோயுற்ற நாவுக்கரசர் திருவதிகையில் தமது முதற் பதிகத்தைப் பாடினார். திருவொற்றியூர் நீங்குகையில் கண்ணொளி இழந்த சுந்தரரோ இரந்து நிற்பதோடு அமையவில்லை. இறைவனோடு வழக்காடினார், கடிந்தும் பாடினார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறுகண்ணும் பெற்றார் என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. கண் பெற்றமை பற்றி விசுவாசியும் ஐயவாதியும் முடிவின்றி வாதிடலாம். அதனிலும் சிந்திக்கத்தக்கது வேறொன்று. கடிந்து பாடிய அப்பாடல்களை எவரும் நிந்தனையென்று விலக்கவில்லை. அவை திருமுறையுள் வைக்கப்பட்டு, கோயிலில், அதே கடவுளின் சந்நிதியில், இன்றும் உரக்க ஓதப்படுகின்றன. உன் செயல் முறையன்று என்று சொல்லும் உரிமையைத் துன்புற்றவனிடமிருந்து பறிக்காத வழிபாடு அது. துன்பத்தை ஊழென்று வாய்மூடிப் பொறுத்தலே உயர்ந்த பக்தி எனப் போதிப்போர் இதற்கு என்ன சமாதானம் கூறுவர்?

எஞ்சுவது கேட்போர் பற்றிய சிக்கல். கடவுளை நோக்கி எழும் குரலை முதலிற் கேட்பவர் மனிதரே. அவர்கள் பெரும்பாலும் பிழைபடவே கேட்கிறார்கள். பிள்ளைப்பேறற்ற அன்னாள் சீலோவின் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய, ஓசையின்றி மன்றாடினாள். மதுமயக்கம் என்று குருவான ஏலி அவளைக் கடிந்தார். கூவினால் ‘செவிடரா’ என்பர். கூவாதுவிடின் குடித்திருக்கிறாள் என்பர். கதவடைத்து மன்றாடக் கற்பித்த இயேசுவே இறுதியிற் சிலுவையில், திறந்த வெளியில், ஏன் கைவிட்டீர் என்று உரத்த குரலிற் கூவினார். தமது தாய்மொழியில் அவர் இறைவனை விளித்த சொல்லை அருகில் நின்ற சிலர் எலியாவின் பெயராகக் கேட்டனர். கார்மேலில் ஓலமிட்டோரை நகையாடிய அதே எலியா! மத்தேயு எழுதியபடி, அவர்களுள் ஒருவன் ஓடிச்சென்று கடற்பஞ்சைப் புளித்த மதுவில் தோய்த்து, கோலில் மாட்டி, குடிக்கக் கொடுத்தான். ஏனையோரோ, எலியா வந்து காப்பாற்றுகிறாரா பார்ப்போம் என்று அவனைத் தடுத்து, வேடிக்கை பார்த்து நின்றனர்.