பஞ்சம் எழுப்பிய வினா

பசித்தோர் நிறைந்த நாட்டில் சூரியனையும் விண்மீன்களையும் ஆராயப் பணம் செலவிடுவது அறமாகுமா? மணவூரில் ஏரிப்பாசன உழவர் ஒருவர் இதனைத் தம் மொழியில் கேட்டார்: “மழை எப்போ வரும்னு தெரியல, சூரியனைப் பாத்து என்ன சாமி ஆகப்போவுது?” கேள்வி நியாயமானதே. ஆயினும் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் எழுந்ததே மழையைப் பற்றிய கவலையால்தான் என்பதைப் பலர் அறியார்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் பல இலட்சம் உயிர்களை இழந்தது. வட ஆர்க்காடும் செங்கற்பட்டும் தப்பவில்லை. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அக்கால அறிஞர் சிலர் கருதினர். அத்தொடர்பு தெளிவானால் அடுத்த பஞ்சத்தை முன்னறியலாம் அல்லவா? இந்த எதிர்பார்ப்பும் சேர்ந்தே 1899-இல் கொடைக்கானலில் ஆய்வுக்கூடத்தைத் தோற்றுவித்தது.

மழைக்கான விதி அங்கே கிட்டவில்லை. பசிபிக் பெருங்கடலின் வெப்ப மாற்றமான எல் நினோவே அவ்வறட்சிக்குப் பெருங்காரணம் என்பது நெடுங்காலம் கழித்தே தெரிந்தது. ஆனால் வறட்சி மட்டுமா மக்களைக் கொன்றது? அவர்கள் மடிந்துகொண்டிருந்த நாள்களிலேயே தானியம் கப்பலேறியது. நிவாரண வேலைக்கு வந்தோரின் கூலி குறைக்கப்பட்டது. இவற்றைக் காணத் தொலைநோக்கி வேண்டியதில்லை. ஆட்சியாளரிடம் கேட்க வேண்டிய கணக்கை வானியலாரிடம் கேட்பது முறையன்று என்பது என் எண்ணம்.

தேடியது கிட்டாததால் ஆய்வு வீணாயிற்று என்றும் சொல்ல இயலாது. 1909-இல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அங்கே கண்டறிந்தார்; அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதனினும் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. 1904 முதல், மேகம் மறைக்காத நாள்களிலெல்லாம், அங்கே சூரியனைப் படம்பிடித்துச் சேர்த்து வந்தனர். எதற்குப் பயன்படும் என்று தெரியாமலே தலைமுறை தலைமுறையாகச் செய்த பணி அது. சூரியப் புயல்கள் செயற்கைக்கோள்களையும் மின்வழங்கலையும் தாக்கக்கூடும் என்றறிந்த இக்காலத்தில், சூரியனின் நெடுநாள் போக்கை அறிய விழைவோர் அப்படங்களையே நாடுகின்றனர். 2023-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியதும், கொடைக்கானலை இன்று நடத்திவரும் இந்திய வானியற்பியல் நிறுவனமே.