மெருகும் தேய்வும்

என் பாட்டனாருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி, சிறுமலை அடிவாரத்தில் அவர் பயிரிட்டிருந்த நிலக்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காக்கும் பொருட்டு உரிமம் பெற்று வாங்கப்பட்டு, அவர் காலத்துக்குப் பின் என் தந்தையார் பெயருக்கும், அவருக்குப் பின் என் பெயருக்கும் மாறி, இன்று ஒரு பிரயோஜனமும் இன்றி என் அலமாரியில் நிற்கிறது. 1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதற்கு வேலை குறைந்தது. என் கைக்கு வந்தபின் அடியோடு நின்றது. நின்றது நல்லதே என்பது என் கட்சி. தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவதும், தேர்தல் முடிந்தபின் போய் மீட்டு வருவதுமே இப்பொழுது அதன் உலக விவகாரம்.

சென்ற ஐப்பசி மழையில் சுவர் ஓதம் காத்து, அலமாரிக்குள்ளும் ஈரம் ஏறிவிட்டது. துடைப்பதற்காகத் துப்பாக்கியை வெளியே எடுத்தபோதுதான் அதன் மரக்கட்டையை முதன்முறையாக நன்றாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். எப்பொழுதோ யாரோ தடிப்பாகப் பூசிய வார்னிஷ், பழைய சுவரின் சுண்ணாம்புபோல வெளுத்து உரிந்திருந்தது. இரும்போடு மரம் சேரும் இடம், தலைமுறைக்கணக்காய்க் குழலுக்கு இட்ட எண்ணெய் கீழே இறங்கி ஊறியதால் கரி போலக் கறுத்திருந்தது. குழலின் அடியிலோ முத்திரைகள் தெளிவாகவே இருந்தன. 1813-இல் சட்டத்தினால் நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச்சாலையில், வழக்கமான அளவுக்கு மிஞ்சிய மருந்தை வைத்துச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் நின்ற குழலுக்கே இடுகிற முத்திரைகள் அவை. இரும்புக்கு இத்தனை பரீட்சையும் அத்தாட்சியும் உண்டு. உரிமப் புத்தகத்தில் ஏறுவதும் இரும்பின் எண்தான். மரத்துக்கு முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. ஆனால் சுடுகிறவன் கன்னத்தை வைத்ததும் கையை வைத்ததும் மரத்தின்மேல் அல்லவா?

கட்டையைச் சீர்படுத்துவது என்று தீர்மானித்து, எங்கள் தெருவில் மேசை நாற்காலிகளுக்கு மெருகிடும் வயோதிக ஆசாரி ஒருவரிடம் யோசனை கேட்டேன். அவர் அதைத் தடவிப் பார்த்து, "இது நம்ம பக்கத்து மரம் இல்லீங்க, ஐயா. தேக்குக்குச் செய்யறதை இதுக்குச் செய்யாதீங்க" என்றார். அது அக்ரூட் மரம். பருப்பை மட்டும் பொட்டலத்தில் கண்டிருக்கும் நமக்கு, அந்த மரத்தின் உள்ளே புகையும் தேனும் கலந்தாற்போன்ற ரேகைகள் ஓடுகின்றன என்பது வார்னிஷ் உரிந்தபின்தான் தெரிகிறது. உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பினால் ரேகையின் போக்கிலேயே சுரண்ட வேண்டும் என்பதையும், எண்ணெய்க் கறுப்பின்மேல் சாக்குக்கட்டித் தூளை ஸ்பிரிட்டில் குழைத்து அப்பினால் அந்தத் தூள் காயும்போது எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகும் என்பதையும் கற்றுக்கொண்டேன். பள்ளங்களுக்கு ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் போதும். துணியின்மேல் சூட்டைக் காட்டினால் ஆவி உள்ளே புகுந்து, நசுங்கிய நார் உப்பி எழுகிறது. அறுபட்ட நார் மட்டும் எழுவதில்லை. அடிக்கட்டையில் ஒரு வெட்டு, எத்தனை ஆவிக்கும் அசையாமல் அப்படியே இருந்தது. இதை மனிதர்களின் மனப்புண்ணோடு ஒப்பிடலாமே என்று தோன்றிற்று. அவ்வளவு எளிதாகக் கைக்கு வருகிற உவமைகளில் எனக்கு நம்பிக்கை இல்லையாதலால் மேலே வேலையைப் பார்த்தேன்.

நான்காம் நாள் உப்புத்தாளைக் கையில் எடுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். துப்பாக்கி செய்கிறவன், பின்னால் தேய்மானத்துக்கு இடம் வேண்டும் என்று, மரத்தை இரும்பின் மட்டத்துக்கு மேலே ஒரு மயிரிழை உயர்த்தியே விட்டுவைப்பது வழக்கம். என் துப்பாக்கியில் இடப்பக்கம் அந்த உயரம் இருந்தது. வலப்பக்கத்தில் மரம் இரும்புக்குக் கீழே தாழ்ந்திருந்தது. முன்னொரு காலத்தில் இதைப் புதுப்பித்த யாரோ ஒருவர், அவசரக் கையினால் தேய்த்து, எனக்கென்று இருந்த பங்கையும் சேர்த்துச் செலவழித்துவிட்டார்! எனக்குக் கோபம் வந்தது. கோபம் தணிந்தபோது என் கையிலிருந்த உப்புத்தாளைப் பார்த்தேன்.

புதுப்பித்தல் என்பது போனதைத் திரும்பக் கொண்டுவருவது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். மரத்தில் அது மிச்சமிருப்பதிலிருந்து சிறிது எடுத்துச் செலவழிப்பதாக அல்லவா இருக்கிறது! ஜீர்ணோத்தாரணம் என்ற பெயரால் கற்சுவர்களின்மேல் மணலை வீசி வெளுக்கச் செய்து, பல நூற்றாண்டு மழைக்குத் தப்பிய கல்வெட்டெழுத்துக்களைச் சில நாளில் மங்கச் செய்த கதை நம் கோயில்களில் நடந்ததுதான். அதைச் செய்தவர்களுக்குப் பக்தி இல்லை என்று யார் சொல்ல முடியும்? அபிஷேகத்தாலும் துலக்குதலாலும் மூக்கும் இமையும் மழுங்கிப்போன உற்சவ மூர்த்திகளைப் பார்க்கும்போது, அந்த முகங்களைத் தேய்த்தது அலட்சியம் அன்று, அன்பே என்பது நினைவுக்கு வருகிறது. ஆகவே, எவ்வளவு அழகாக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்த நான், இதில் எவ்வளவு செலவழிக்க எனக்கு உரிமை உண்டு என்று கேட்கலானேன்.

முன்கட்டையில், கை வழுக்காமல் இருப்பதற்காகக் குறுக்கும் நெடுக்குமாய்க் கீறிய வரிப்பின்னல் ஒன்று உண்டு. இடக்கை பற்றும் இடத்தில் அது முற்றும் தேய்ந்து, உள்ளங்கையளவு வழுவழுப்பாகி இருந்தது. "புதுசாக் கீறிடலாங்களே, ஐயா. சின்ன அரம் இருக்கு" என்றார் ஆசாரி. என் கையை அங்கே வைத்துப் பார்த்தேன். பாட்டனாரின் கை என்னுடையதைவிடச் சிறியது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவரைப் பற்றிய என் நினைவில் அவர் எப்பொழுதும் பெரிய உருவமாகவே இருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெட்டையும் நிரப்பவில்லை. வலப்பக்கத்தில் உப்புத்தாள் படவே இல்லை.

மிச்சம் எண்ணெய் வேலை. ஆங்கிலேயக் கைவினைஞர்கள் ஆளிவிதை எண்ணெயில் ஒருவகை வேரை ஊறவைத்துச் சிவப்பேற்றுவார்கள். நான் நாட்டுமருந்துக் கடையில் வேம்பாளம் பட்டை வாங்கினேன். தேங்காயெண்ணெயைச் சிவக்கச் செய்து பெண்கள் தலைக்கு இட்டுக்கொள்வார்களே, அதே பட்டைதான். உள்ளங்கையால் சூடு பிறக்கத் தேய்த்து, எஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாகிக் காய்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றே இறுகுவது. அப்படி ஏற்கும்போது சூடும் உண்டாவதால், துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றவும் கூடும். துணிகளைக் கொடியில் விரித்துக் காயப்போட்டேன். ஒரு வாரம் தினம் ஒரு முறை, ஒரு மாதம் வாரம் ஒரு முறை, ஓர் ஆண்டு மாதம் ஒரு முறை, அப்பால் ஆயுள் உள்ளளவும் ஆண்டுக்கொரு முறை என்பது இத்தொழிலில் பழைய கணக்கு. அவசரக்காரனுக்கு ஏற்ற கணக்கு அன்று.

மாதக் கணக்கில் இருக்கும்போதே தேர்தல் வந்தது. துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றிக் காவல் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். எழுத்தர் குழலின் எண்ணைச் சரிபார்த்துப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, ரசீதை நீட்டியபடியே கட்டையை ஒரு முறை தடவிப் பார்த்து, "ரொம்பப் பழசு போல இருக்கே, சார்" என்றார்.

ஆமாம் என்றேன்.