‘தொடரும்’ என்னும் வாக்குறுதி

திருவண்ணாமலையில் வாழும் இளம் நண்பர் ஒருவர் நாவல் எழுதி வருகிறார். பாதி முடிந்திருக்கிறது. அதனை வாரம் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியிடலாமா, அன்றி முழுவதும் எழுதி முடித்து நூலாகவே தரலாமா என்று என்னை வினவினார். கலை பற்றிய வினா என்றே முதலில் எண்ணினேன். சிந்திக்கச் சிந்திக்க, அஃது அறம் பற்றிய வினாவாகவே தோன்றுகிறது.

தொடராக வருவது உயர்ந்த இலக்கியமாகாது என்பாரின் கூற்று நில்லாது. ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் பகுதி பகுதியாக வந்ததே. தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நம் ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வெளிவந்து, 1988இல் நூலாயிற்று. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை ‘வெண்முரசு’ நாவல்கள் இருபத்தாறையும் இணையத்தில் நாள்தோறும் எழுதி நிறைவு செய்தார்.

வாசகரை இழுத்து நிறுத்தும் பொருட்டுக் கதையை வளைக்க நேருமே என்று நண்பர் அஞ்சுகிறார். அதற்கு விடை அவர் மாவட்டத்திலேயே உண்டு. அங்குள்ள சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாக்காலத்தில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாகக் கதை பல நாள் நடைபெறுகிறது. இறுதியில் மண்ணால் வனைந்த துரியோதனன் படுகளத்தில் வீழ்வான் என்பதைக் குழந்தையும் அறியும். அறிந்தும் மறுநாள் மக்கள் வருகின்றனர். முடிவை மறைத்து வைத்திருப்பதால் அன்று. சொல்லப்படும் வாழ்வில் தமக்கும் பங்குண்டு என்பதால் வருகின்றனர். செயற்கையான திருப்பங்களின் துணை நல்ல கதைக்கு வேண்டுவதில்லை.

மெய்யான இடர் வேறு. ‘தொடரும்’ என்று எழுதுவது நாளையைப் பற்றிய ஒரு வாக்குறுதி. நாளை இதனைச் செய்வேன் என்று இறைவன் நாட்டத்தைச் சேர்க்காமல் கூறலாகாது எனத் திருமறையின் ‘கஹ்ஃபு’ அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. வாக்குறுதி பற்றி விசாரணை உண்டு என்றும் திருமறை எச்சரிக்கிறது. 1870இல் சார்லஸ் டிக்கன்ஸ் மறைந்தபோது, பன்னிரண்டு பகுதிகளாக வரவேண்டிய அவரது இறுதி நாவலில் ஆறே முடிந்திருந்தன. 1954இல் கல்கி மறைந்தபோது நின்றுபோன ‘அமரதாரா’வை அவருடைய மகள் ஆனந்தி நிறைவு செய்தார். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு முழுமையையும் பாடாமலே நின்றது. எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடினார்.

மரணம் குறுக்கிட்டால் எழுத்தாளன்மேல் பழியில்லை. ஆனால் சலிப்பினாலோ, வாசகர் எண்ணிக்கை குறைந்தமையாலோ பாதியில் கைவிடுபவன் நிலை வேறு. சிலரேனும் தம் பொழுதை அவனிடம் அமானிதமாக ஒப்படைத்துக் காத்திருக்கின்றனர். இதழில் எழுதியபோது அச்சுமையில் பாதியை ஆசிரியர் தாங்கினார். அத்தியாயம் கேட்டு ஆளனுப்பினார், வராவிடில் வாசகருக்குத் தாமே விளக்கம் கூறினார். இணையத்தில் எழுதுபவனுக்கோ அத்தகைய துணையில்லை. தன் வாக்குக்குத் தானே காவல்.

“ஒருவர் காத்திருக்கிறார் என்ற எண்ணமே என்னை எழுத வைக்கும். தனியே எழுதினால் ஒருபோதும் முடிக்க மாட்டேன்” என்றார் நண்பர். இதனைப் புறந்தள்ள எனக்கு மனம் வரவில்லை. மனிதன் பலவீனன், பிறர் முன் கொடுத்த வாக்கே பலரை நேர்வழியில் நிறுத்துகிறது. ஆயினும், தன் பலவீனத்துக்கு மருந்தாகப் பிறரின் பொறுமையைச் செலவிட நமக்கு எவ்வளவு உரிமை உண்டு?

எனவே அவருக்கு நான் கூறியது இது: முதலில் கதையின் இறுதிவரை ஒரு கரட்டு வரைவேனும் எழுதிவிடுங்கள். பிறகு ஒவ்வோர் அத்தியாயமாகச் செப்பனிட்டு வெளியிடுங்கள். வாசகர் சொல்வதைக் கேட்டுத் திருத்துங்கள். அவர் மகிழ்வதற்காக மட்டும் திருத்தாதீர்கள். இயலாமற்போனால் மௌனமாக மறையாமல், இயலவில்லை என்று சொல்லி விடைபெறுங்கள். அவ்வளவு நேர்மையை ஒரு வாசகரேனும் நம்மிடம் எதிர்பார்க்கலாம்.

‘தொடரும்’ என எழுதும்போது, அச்சிலே இல்லாவிடினும் நெஞ்சிலேனும் ‘இன்ஷா அல்லாஹ்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அது கடமையைத் தட்டிக்கழிக்கும் சொல்லன்று. கடமையின் கனத்தை உணர்ந்தவன் சொல்.