புறவாசற் கனியும் இலேசியையும்

புரட்டாசி, ஐப்பசித் திங்களில் இராதாபுரத்து வீடுகளின் புறவாசலில் சீதாவும் கொய்யாவும் கனியும்போது, நாவல் மரத்தடியில் நின்ற அறுவர் கதையை நினைத்தல் தகும். பசியால் ஒருவன் மரத்தையே வெட்ட எண்ணினான். அடுத்தவர்கள் பெருங்கிளை, சிறுகிளை, கொத்து என நாடினர். ஐந்தாமவன் கனிந்தவற்றை மட்டும் விழைந்தான். ஆறாமவன் உதிர்ந்தவையே போதும் என்றான். கிருஷ்ணம் முதல் சுக்கிலம் ஈறாக இலேசியை ஆறும் அங்கே விளங்கின. ஒருவரும் கைநீட்டவில்லை என்பதை நோக்குக: எண்ணத்திலேயே நிறம் ஏறிற்று!

அணிலுக்கு அஞ்சி மரத்தின்மேல் வலை போர்த்துகிறோம். அதிற் சிக்கும் குருவியும் ஐம்பொறி உயிரன்றோ? கொய்யாவை நோக்காது கடித்தலும் ஆகாது. உள்ளே பழ ஈயின் புழு வாழும். ஊசித்துளை தெரியும் கனியை மரத்தடி மண்ணிலேயே விட்டுவிடுக. புழு அம்மண்ணிற் புகுந்து ஈயாகும். அடுத்த பருவத்தில் நமக்குச் சில கனி குறையும், குறையட்டும்.