ஊரியின் ஹக்கு

பாசிக்குடாக் கடலில் வெகுதூரம் நடந்து போகலாம். ஆழமும் குறைவு, அலையும் குறைவு. நீர் தெளிந்த வேளையில் குனிந்து பார்த்தால், மணலில் விரலால் கீறியது போன்ற கோடு தெரியும். கோடு முடியுமிடத்தில் தோண்டினால், ஊசி போல் நீண்ட ஊரியொன்று கைக்கு வரும். துறப்பணத்தின் முறுக்கு அதற்கு. ‘டெரெப்ரா’ என்று விஞ்ஞானிகள் வைத்த லத்தீன் பெயரின் பொருளும் துளைக்கும் கருவி என்பதே.

சில வருடங்களுக்கு முன் மாணவர்களை அங்கு கூட்டிச் சென்றபோது, உயிருள்ள ஊரியொன்றை எடுத்து வந்தேன். வெந்நீரிலிட்டு, சதையைக் கிளறியெடுத்து, ஓட்டை வகுப்பறை மேசையில் வைத்தேன். காட்டிக் கற்பிக்க வேண்டும் என்பது கலாசாலையில் நான் படித்த பாடம். ஒரு சிறுமி கேட்டாள்: “சேர், இது ஊட்ட உட்டுட்டு எங்க பெய்த்து?”

ஊரி ஓட்டை விட்டுப் போவதில்லை. தன்னுடல் சுரக்கும் சுண்ணாம்பினால் சுற்றுச் சுற்றாக அதுவே கட்டிய வீடு அது. வீட்டுக்காரனைக் கொன்றுவிட்டு வீட்டைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். ஊரியும் கொல்கிறதே? மணலுக்குள் புழுக்களைத் தேடித் தின்கிறது. இவ்வினத்திற் பல, விஷம் பாய்ச்சியே இரை பிடிக்கின்றன. ஆனால் அது பசிக்கு. வேறு வழி அதற்கில்லை. எனக்கு இருந்தது, கரும்பலகையில் வரைந்திருக்கலாம்.

அடுத்தது பயன். இதன் உறவான கூம்பு நத்தையின் விஷத்தைக் கொண்டு அறியப்பட்ட வலி நிவாரணியொன்று 2004இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஊரியின் விஷத்தையும் ஆராய்கிறார்கள். அத்தகைய தேவைக்கு ஓர் உயிரை எடுப்பதை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் என் மேசையில் இருந்தது அறிவா, அலங்காரமா? அதனால் எவருடைய வலியும் தீரவில்லை. பயன் என்ற சொல்லை நான் இரவல் வாங்கியிருந்தேன்.

கரையில் கிடக்கும் வெற்றோட்டையாவது எடுக்கலாமா? அதற்கும் காத்திருப்போர் உண்டு. துறவி நண்டு தன் மெல்லிய பின்னுடலை அப்படியொரு ஓட்டுக்குள் நுழைத்தே உயிர் பிழைக்கிறது. கூரையில்லாமல் அலைவது என்னவென்று, யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் இடம்பெயர்ந்த நம் மாவட்டத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போதும் மாணவர்களுடன் போகிறேன். கோட்டைப் பின்தொடர்கிறோம், தோண்டிப் பார்க்கிறோம், திரும்ப வைத்துவிடுகிறோம். அது மெல்ல மணலுக்குள் இறங்கி மறையும் வரை எவரும் பேசுவதில்லை.

மேசையிலிருந்த ஓட்டையும் அதே கடலில் விட்டேன். ஊரியின் ஹக்கை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. நண்டின் ஹக்கையும் சேர்த்து வைத்திருப்பானேன்?