முதலில் உட்கார்



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இரண்டு பேரைக் காட்டுகிறார். ஒருவர் கோபுரம் கட்ட ஆசைப்படுகிறவர். மற்றவர் போருக்குப் புறப்படும் அரசர். கையில் பத்தாயிரம் வீரர்கள், எதிரே இருபதாயிரம். இருவருக்கும் புத்தி ஒன்றுதான்: முதலில் உட்கார், கணக்குப் பார், பிறகு எழுந்திரு.

நம் பங்கிலும் சில பிள்ளைகள் இப்போது கணக்குப் பார்க்கிறார்கள். முதலுதவிப் பயிற்சி முடித்தவர்கள். இலங்கை இராணுவத்தின் தொண்டர் படையில் மருத்துவ உதவியாளராகச் சேரலாமா என்று கேட்கிறார்கள். அம்மா வேண்டாம் என்கிறார். மாமா அரசாங்கச் சம்பளத்தை நினைக்கிறார். "நான் யாரையும் சுடப் போறதில்ல ஃபாதர், காயத்துக்குக் கட்டுப் போடத்தானே போறேன்" என்கிறான் பிள்ளை.

இந்தக் கேள்விக்கு நம்மைப் போன்ற தோட்ட மக்கள் முன்பே முகங்கொடுத்திருக்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன் இந்த மலைக்கு ஏறிய அதே காலத்தில், தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினார்கள். 1899இல் அங்கே பிரித்தானியருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டபோது, காந்தி ஏறக்குறைய 1,100 பேரைக் கொண்ட தூக்குக்கட்டில் படையைத் திரட்டினார். அவர்களில் சுமார் 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கூலிகளின் பிள்ளைகளாக நேட்டாலிலேயே பிறந்த கிறிஸ்தவ இளைஞர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். பயிற்சி தந்தவர் டொக்டர் பூத் என்ற ஆங்கிலிக்கன் குரு. 1900 ஜனவரியில் ஸ்பியன் கொப் மலையில் அடிபட்டவர்களைச் சுமந்துகொண்டு, நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள்.

1906இல் சூலு மக்கள் கிளர்ந்தெழுந்தபோது காந்தி மறுபடியும் போனார், இம்முறை இருபத்துச் சொச்சம் பேரோடு. அரசாங்கத்தின் சீருடைதான் அணிந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் கைக்கு வந்த காயங்களில் பெரும்பாலானவை சூலு மக்களுடையவை. பலருக்குச் சவுக்கடிபட்ட முதுகு. பல நாள் கழுவாமல் விட்டதில் சீழ் பிடித்திருந்தது. வெள்ளையர்கள் தொட விரும்பவில்லை. வேலிக்கு அப்பால் நின்ற சிப்பாய்கள், மருந்து போட வேண்டாம் என்று தடுக்கப் பார்த்தார்கள். இவர்கள் கழுவிக் கட்டினார்கள்.

இவ்வளவும் செய்த காந்தி, பிற்காலத்தில் தம் சுயசரிதையில் ஒரு கசப்பான தீர்ப்பை எழுதினார்: போரில் காயம்பட்டவர்களைப் பராமரிக்க மட்டுமே போனவரும் போரின் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. பிள்ளைகளே, இதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். கட்டுப் போட்டு எழுப்பிய சிப்பாய் மறுபடி துப்பாக்கியைத் தூக்குவான். "நான் மருந்துப் பெட்டிதானே தூக்குகிறேன்" என்பது முழுப் பதில் ஆகாது.

திருச்சபை என்ன சொல்கிறது? 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் ஏடு ஒன்றில், மக்களின் பாதுகாப்புக்காக நேர்மையாகப் பணியாற்றும் படைவீரர் அமைதிக்கு உதவுகிறார் என்றது. மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்பவரைச் சட்டம் மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்றும் அதே ஏட்டில் கேட்டது. அநியாயமான கட்டளைக்குக் கண்ணை மூடிக் கீழ்ப்படிந்தவருக்கு, அந்தக் கீழ்ப்படிதலே சாக்கு ஆகாது என்றும் சொன்னது. ஆகவே படையில் சேர்வது தன்னிலே பாவமில்லை. சேர மறுப்பதும் கோழைத்தனமில்லை.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? கெத்சமனி தோட்டத்துக்குப் போவோம். பேதுரு வாளை உருவி மால்குவின் காதை வெட்டினார். மால்கு இயேசுவைப் பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவன். ஆண்டவர் அவன் காதைத் தொட்டுக் குணமாக்கினார். கைதாகும் முன் அவர் செய்த கடைசி வைத்தியம், தம் சீடர் வெட்டிய காயத்துக்கு.

தம்பி, தங்கச்சி, உன் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. நம் ஆள் சுட்டு விழுந்தவனுக்கு என் கை போகுமா? ஜெனீவா உடன்படிக்கையும் அதையே கேட்கிறது: எந்தப் பக்கத்தவன் என்று பாராமல், காயத்தின் அவசரத்தைப் பார். மேலதிகாரி "அவனை விடு" என்றால் "முடியாது" என்று சொல்லும் தைரியம் உண்டா? சம்பளம் இல்லாவிட்டாலும் இந்த வேலையை விரும்புவேனா? சீருடையைக் கண்டாலே 1983 கலவரத்தை நினைத்து நடுங்கும் பாட்டியிடம் என்ன சொல்வேன்?

மறுபக்கமும் பார். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மண்ணைத் தோண்ட இராணுவமும் வந்தது. அப்படி ஒரு நாளில், எங்கே வலிக்கிறது என்று தமிழில் கேட்க ஓர் ஆள் இருப்பது சிறிய காரியமல்ல. ஆனால் அந்த ஆள் சீருடையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிரசவ வலி வந்த பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோன கதை நம் தோட்டங்களில் யாருக்குத் தெரியாது? 1990 என்ற எண்ணில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவைக்கும், டிக்கோயா வைத்தியசாலைக்கும், ஒவ்வொரு டிவிஷனுக்கும் பயிற்சி பெற்ற கைகள் தேவை.

பெற்றோரே, பிள்ளையைச் சம்பளத்துக்காகத் தள்ளாதீர்கள். பயத்தால் கட்டிப்போடவும் வேண்டாம். பிள்ளைகளே, படிவம் விளங்காத மொழியில் இருந்தால், தெரிந்தவரை வைத்து வரிவரியாக வாசித்து விளங்கிக்கொள்ளுங்கள். எத்தனை வருடக் கடமை, ஆயுதம் ஏந்த வேண்டுமா, நடுவில் விலகலாமா என்று கேட்ட பிறகே கையெழுத்து. மால்குவையும் தொடுவேன் என்று ஆண்டவர் முன் சொல்ல முடிந்தால் போ; இந்தப் பங்கு உனக்காகச் செபிக்கும். சொல்ல முடியவில்லை என்றால் நின்றுவிடு. அதற்காக யாரும் உன்னைக் குறைவாகப் பேசக் கூடாது. ஆமென்.