குவிமாடமும் தண்டவாளமும்

கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையத்தை முதன்முறை பார்ப்பவர்கள் அதைப் பள்ளிவாசல் என்றோ அரண்மனை என்றோ நினைத்துவிடுவதுண்டு. அந்த மயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

முதலில், நிலையம் ஏன் வந்தது? வெள்ளீயத்துக்காக. சுரங்கத்தில் எடுத்த வெள்ளீயம் படகிலும் மாட்டு வண்டியிலும் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகே புக்கிட் கூடா வரை ரயில் பாதை போட்டார்கள். சரக்கும் பயணிகளும் பெருகப் பெருக, பெரிய நிலையம் தேவைப்பட்டது. அதுதான் 1910-இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடம். வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். மஸ்ஜித் ஜாமெக்கும் ஈப்போ ரயில் நிலையமும் அவர் வரைந்தவையே.

முகப்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். குதிரை லாட வடிவ வளைவுகள், மேலே போய்க் கூர்மையாகும் வளைவுகள், கூரையின் மூலைகளில் நாலு பக்கமும் திறந்த தூண்களின்மேல் உட்கார்ந்த சிறு குவிமாடங்கள். இவை வட இந்திய முகலாயக் கட்டடங்களில் காணும் சத்ரிகள். சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சாயல் உடனே பிடிபடும். முஸ்லிம் சுல்தான்களின் நாடு என்பதால் இந்த இந்தோ-சாரசெனிக் பாணியே பொருந்தும் என்று ஆங்கிலேயர் முடிவுகட்டினார்கள். மலாய்க்காரர்களுக்கோ மரத்தில் வீடு எழுப்பும் சொந்தக் கலை இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

முகப்பைத் தாண்டி நடைமேடைக்கு வந்தால் காட்சி மாறிவிடும். இரும்புத் தூண்கள், அகன்ற கூரை, நீண்டு கிடக்கும் நடைமேடைகள். இங்கே முகலாயர் இல்லை. இங்கிலாந்தின் ரயில்வே பொறியியல்தான் இருக்கிறது. அலங்காரம் தெருவுக்கு, இரும்பு ரயிலுக்கு என்று கணக்காகப் பிரித்திருக்கிறார்கள்.

இந்த இரண்டிலும் தெரியாத மூன்றாவது அடுக்கு ஒன்று உண்டு. தண்டவாளம் போட்டுப் பராமரித்தவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழர்கள். கணக்கு எழுதிய கிராணிமார்களிலும் ஸ்டேஷன் மாஸ்டர்களிலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறையப் பேர். அவர்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ்களைச் சுற்றித்தான் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸும் செந்தூலும் தமிழ்ப் பேட்டைகளாயின. பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில் யாழ்ப்பாணத்தவர் எழுப்பியது.

2001-இல், பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய ரயில் யார்டு இருந்த இடத்தில் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டதும் தொலைதூர ரயில்கள் அங்கே போய்விட்டன. பழைய நிலையத்தில் இப்போது கொமுட்டர் ரயில்கள் நிற்கின்றன. கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாகக் கொண்டாடுகிறோம், நல்லதுதான். ஆனால் குவிமாடத்தை மட்டும் காட்டிவிட்டு, அதன் முன்னால் ஓடிய ரயிலை ஓட வைத்தவர்களை விட்டுவிட்டால் அது பாதி வரலாறே. கே.எல். சென்ட்ரலிலிருந்து அடுத்த நிறுத்தம்தான் பழைய நிலையம். அடுத்த முறை இறங்கி, முகப்பைப் பார்த்த கையோடு தண்டவாளத்தையும் பாருங்கள்.